பிள்ளையைத் தேடிப் போனவர்

வேலுச்சாமி அண்ணன் இறந்துபோன செய்தியை எனக்குச் சொன்னது ஒரு ஃபிளெக்ஸ் போர்டு. ராஜபாளையத்தில் மில்லுக்குப் போகும் வழியில் கட்டியிருந்தார்கள். அண்ணன் படம் சின்னதாக ஒரு மூலையில். பெரிதாகக் கைகூப்பி நின்றவர் ஒரு கட்சித் தலைவர். ‘எங்கள் கட்சியின் தூண் சாய்ந்தது’ என்று போட்டிருந்தது. அழுகைக்கு முன்னால் எனக்கு அருவருப்புதான் வந்தது.

அண்ணன் எந்தக் கட்சியிலும் இருந்ததில்லை. நம் மில்லில் அவரோடு ஸ்பின்னிங் பிரிவில் நூல் நூற்ற உங்களுக்கு அது தெரியும். வாட்ஸ்அப்பில் எது வந்தாலும் “யாரு பாத்தா? நீ பாத்தியா?” என்று கேட்டுக் கேட்டே மில் குரூப்பிலிருந்து நீக்கப்பட்டவர் அவர்.

போன தேர்தலில் இதே தலைவர் ஸ்ரீவில்லிபுத்தூர் கூட்டத்தில் பேசினார். தளவாய்புரத்தில் வடக்கத்தி ஆட்கள் ஒரு பிள்ளையைத் தூக்கிவிட்டார்கள் என்றார். கைதட்டல் ஓய வெகுநேரமானது. மறுநாள் நம் மில்லில் வேலை பார்த்த பீகார்க்காரர் ஒருவரை டீக்கடையில் வைத்து அடித்தார்கள். அடித்தவர்களில் நம் ஷிப்ட் ஆட்களும் உண்டு.

அண்ணன் லீவு போட்டுவிட்டுத் தளவாய்புரம் போனார். அங்கே கேட்டால், இங்கே இல்லை, சேத்தூரில் என்றார்களாம். சேத்தூரில் கேட்டால் தளவாய்புரத்தில்தான் என்றார்களாம். பிள்ளையைப் பறிகொடுத்த வீடு எங்கேயும் இல்லை. மில் வாசலில் நின்று அதைச் சொன்னார். யாரும் வெட்கப்படவில்லை. நீ எந்தக் கட்சி என்று கேட்டார்கள். பிறகு பல நாள் கேன்டீனில் அவரோடு உட்கார்ந்து சாப்பிடக்கூட ஆளில்லை.

“பேசுனவன் பேசிட்டுப் போயிட்டான். அடிச்சது நம்ம கைதானல. அடிக்கதுக்கு முந்தி ஒரு எட்டு போய்ப் பாக்க ஒருத்தனுக்கும் ஏலலையே” என்றார் என்னிடம்.

நேற்று இரங்கல் கூட்டத்துக்கு அந்தத் தலைவரே வந்துவிட்டார். கடைசி மூச்சுவரை அண்ணன் தன் கட்சிக்காக உழைத்ததாகக் கூசாமல் பேசினார். நம் ஆட்கள் கைதட்டினார்கள். செத்தவருக்கு நடக்கிற கூட்டத்தில் கைதட்டினார்கள்.

பக்கத்தில் தட்டிக்கொண்டிருந்தவர் அண்ணனோடு ஒரே ஷிப்டில் இருந்தவர். அண்ணன் எப்போது கட்சியில் சேர்ந்தார் என்று அவரிடம் கேட்டேன்.

“தெரியலயே. மேடையில அவிய சொல்லுதாக, தெரியாமலா சொல்லுவாக?” என்றார்.

எழுந்துபோய் மைக்கைக் கேட்டேன். தரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அண்ணனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இந்த அருவருப்பைத்தான். அதில் கொஞ்சம்தான் மேடையில் நின்றவர்மேல். மிச்சமெல்லாம் கீழே உட்கார்ந்து தட்டிய நம்மேல்.