வாரத்தில் இரண்டு சிவப்பு

மகள் நேற்று என் கைபேசியில் ஒரு நாட்காட்டியை ஏற்றிக் கொடுத்தாள். "எல்லாம் அதுவே வந்துடும்மா, நீ ஒண்ணும் அடிக்க வேணாம்" என்றாள். வந்தது. ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும் சிவப்பு. வியாழன் மற்ற நாட்களோடு கறுப்பாக நின்றது. எனக்கு என்னவோ போல் இருந்தது.

சூடான லேசர் பிரிண்டருக்கு ஒரு வாசனை உண்டு, கவனித்திருக்கிறீர்களா? இஸ்திரிப் பெட்டி போல. அதை நினைத்தாலே எனக்குப் புளிச்சோறும் கூடவே வந்துவிடும். இரண்டும் பூனாவில், போபோடியில் நான் வேலை பார்த்த டி.டி.பி. கடையில் கலந்து கிடந்த வாசனைகள்.

கல்யாணமாகிப் பூனாவுக்கு வந்த புதிது. அவருக்கு ஆகுர்டியில் ஒரு மோட்டார் கம்பெனியில் வேலை. மின்சாரத்தைப் பங்கிட்டுக் கொடுப்பதற்காக அந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு வியாழக்கிழமைதான் வார விடுமுறை. என் கடைக்கோ ஞாயிறு. ஒரே அறையில் குடித்தனம், சேர்ந்திருக்க ஒரு முழு நாள் கிடையாது. ஞாயிறு காலை அவர் லோக்கல் ரயிலைப் பிடிக்க ஓடுவார். நான் உட்கார்ந்து அழுவேன். அந்த வயதில் அழுகை சுலபமாக வந்தது.

வியாழன் மதியம் தானே கிளறிய புளிச்சோற்றைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு கடைக்கு வருவார். மானிட்டருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல், அரை மணி நேரம். அதுதான் எங்கள் விடுமுறை.

தீபாவளி முடிந்தால் கடையில் காலண்டர் காலம். மாதக் கட்டங்கள் போட்ட டெம்ப்ளேட் தயாராக இருக்கும். பண்டிகைப் பட்டியலைத் தனியாக அடித்து 'இம்போர்ட்' கொடுத்தால் ஒவ்வொன்றும் தன் கட்டத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஒரு வரி பிசகினால் தொலைந்தது. ஒருமுறை சுதந்திர தினத்தையே ஆகஸ்ட் பதினாறுக்குத் தள்ளிவிட்டேன். ஒரு நாள் தாமதித்தால் நாடு என்ன ஆகிவிடும் என்று முதலாளியிடம் கேட்கவா முடியும்?

அந்த வருடம் அவர் கம்பெனித் தமிழர்களின் சங்கத்துக்கும் ஒரு காலண்டர். செயலாளர் அண்ணாச்சி, வியாழன் சிவப்பு, ஞாயிறு கறுப்பு என்று சொல்லிவிட்டுப் போனார். வியாழனை மாற்றிவிட்டேன். ஞாயிற்றைக் கறுப்பாக்க மட்டும் கை வரவில்லை. எனக்கென்று இருக்கும் ஒரே நாளை நானே அழிப்பதா?

ஸ்டூலில் இருந்தவர் திரையை எட்டிப் பார்த்தார். "இருக்கட்டும் விடு. ஒண்ணு எனக்கு, ஒண்ணு உனக்கு. காலண்டர்லயாவது சேர்ந்து இருக்கட்டும்."

புரூஃபைப் பார்த்த அண்ணாச்சிக்குக் கோபம். "வாரத்துல ரெண்டு சுட்டியாம்மா, ரெண்டு லீவா? கம்பெனியில சிரிப்பானுவ."

கூட வந்திருந்த அண்ணாச்சியின் மனைவி, பள்ளிக்கூட டீச்சர், தாளை வாங்கிப் பார்த்தார். "நம்ம வீட்டுலயும் இப்படித்தான? ஞாயித்துக்கெழம நானும் பிள்ளையளுந்தான உக்காந்து சாப்பிடுதோம்."

அண்ணாச்சி தாளைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். பிறகு, "சரி, அப்படியே அடிச்சிருங்க" என்றார்.

ஆகுர்டி வரை எத்தனையோ சமையலறைகளில் அது தொங்கியது. போகிற வீட்டிலெல்லாம் அதைப் பார்த்துப் பெருமை தாங்காது எனக்கு.

கடை இருந்த இடத்தில் இப்போது கைபேசி உறை விற்கிறார்கள். அவர் ஓய்வு பெற்றுவிட்டார், நானும்தான். ஏழு நாளும் சேர்ந்தே சாப்பிடுகிறோம். இன்று காலை பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "இன்னிக்கு என்ன கெழமை?" என்றார். எனக்கும் தெரியவில்லை. கைபேசியை எடுத்துப் பார்த்தேன். வியாழன்.