மிஷினுக்கு மூன்றாவது கை

அந்த மிஷினில் வெட்டுக்கத்தியை மாற்ற மூன்று கை வேண்டும். மிஷின் உருளாமல் அமுக்கிப் பிடிக்க ஒரு கை, சுற்றுகிற தண்டை ஒரு ஸ்பேனரால் நிறுத்திவைக்க ஒரு கை, அதன்மேல் இருக்கிற நட்டை இன்னொரு ஸ்பேனரால் முறுக்க ஒரு கை. அப்பாவுக்கு எல்லாரையும் போல இரண்டுதான். மூன்றாவது கையாக நான் போய்ச் சேர்ந்தேன். எனக்கு அப்போது பத்து வயது, ஐந்தாம் வகுப்பு.

மலைமேல் செண்பகனூரில் சாலையோரமாக எங்கள் தச்சுப் பட்டறை, அதற்குப் பின்னாலேயே வீடு. சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரைக்கு அப்பா சாமான் பெட்டிகள் அடித்துக் கொடுத்தார். கடைசிப் பெட்டியிலும் இடமில்லாமல் மிஞ்சிய ஒரு சாமானைத் துரை அப்பா கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார். கரண்டில் ஓடும் ரூட்டர், மரத்தைக் குடைகிற மிஷின். சின்னப் பானை அளவு இருக்கும். அடியில் ஒரு ஓட்டை. அதற்குள் பிட்டு என்கிற சின்ன வெட்டுக்கத்தியைச் செருகி, நட்டை முறுக்கிவிட்டுப் பலகைமேல் தள்ளிக்கொண்டு போனால், உளியால் அரைநாள் எடுக்கிற காடிப் பள்ளம் வெற்றிலை போட்டு முடிக்குமுன் விழுந்துவிடும். காடிக்கு ஒரு பிட்டு, ஓரம் உருட்ட ஒன்று, பூவேலைக்கு ஒன்று. ஒரு ஜன்னல் செய்து முடிப்பதற்குள் மாற்றி மாற்றி மாட்டவேண்டும். முதலில் அப்பா மிஷினை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு தனியாகவே அதையெல்லாம் செய்துகொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டதே இல்லை.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அம்மா எல்லா ஆயுதங்களுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாள். உளி, ரம்பம், இழைப்புளி இவற்றுக்கெல்லாம் பொட்டு எங்கே வைப்பது என்று அவளுக்குப் பழக்கம். மிஷினுக்கு முகம் எது என்றுதான் தெரியவில்லை. ஓட்டை இருக்கிற பக்கம் வாய் மாதிரி தோன்றியிருக்கும் போல. அதன் உதட்டிலேயே குழைத்து வைத்துவிட்டாள். சந்தனம் உள்ளே வழிந்து காய்ந்து கெட்டியாகிவிட்டது.

பூஜை முடிந்து அப்பா பிட்டைச் செருகி முறுக்கினார். நட்டு இறுகியது மாதிரிதான் இருந்திருக்கிறது. ஆனால் உள்ளே இரும்பு இரும்பைப் பிடிக்கவில்லை, சந்தனத்தைப் பிடித்திருக்கிறது. சுவிட்சைப் போட்டதும் பிட்டு கழன்று, அப்பாவின் காதோரமாகப் பாய்ந்து, கதவுப் பலகையில் குத்தி நின்றது.

“யாத்தே!” என்று அம்மா ஓடிவந்தாள்.

“ஒண்ணுமில்லே. சரியா முறுக்கலை, அம்புட்டுத்தான்” என்றார் அப்பா. குறட்டால் பிட்டைக் கதவிலிருந்து பிடுங்கினார். ஆணி நுனியால் சந்தனத்தைச் சுரண்டி எடுத்தார். அதைப் பற்றி அப்புறம் அவர் பேசவேயில்லை. மறுநாள் காலையில் என்னைக் கூப்பிட்டார்.

“ஏ புள்ள, இங்கிட்டு வந்து இதைப் பிடி. ஒத்தையா முறுக்குனா இறுக மாட்டேங்குது.”

பிடித்தேன். அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகவில்லை. மிஷின் ஓடுகிற நாளெல்லாம் போகவில்லை. எனக்கு எங்கே இருந்தாலும் நிம்மதி கிடையாது. பட்டறையில் நின்றால் பள்ளிக்கூட மணி காதில் விழும். என்ன பாடம் நடக்கிறதோ, பேரை அடித்துவிட்டார்களோ என்றே நினைப்பு ஓடும். தப்பித் தவறிப் பள்ளிக்கூடம் போனாலோ, இந்நேரம் நட்டு கழன்றிருக்குமோ என்று உட்காரமுடியாது. ஒன்றுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வெளியே வந்து, மேட்டில் நின்று, பட்டறைப் பக்கம் ஆள்கள் கூடியிருக்கிறார்களா என்று பார்ப்பேன்.

ஒருநாள் அம்மா காய் வாங்கப் போன இடத்தில் என் டீச்சர் அவளைப் பிடித்துக்கொண்டார். “உங்க பொண்ணு இப்படியே வராம இருந்தா ஆறாம் வகுப்புக்கு அனுப்ப முடியாதுங்க. இந்த மாசத்தோட பேரை எடுத்துருவாங்க.”

அம்மா வந்ததும் வராததுமாக அப்பாவிடம் பாய்ந்தாள். “ஒரு ஸ்பேனரைப் புடிக்கிறதுக்கா பிள்ளையைப் பெத்து வச்சிருக்கோம்?” அப்பா பலகையைத் தடவிக்கொண்டிருந்தார். அன்று மாலையே அம்மா பஸ்காரர் மூலம் பண்ணைக்காட்டிலிருந்த தன் தம்பிக்குச் சொல்லியனுப்பினாள்.

மாமா அங்கே காப்பித் தோட்டத்து ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த ஜீப்பில் கம்பெனி செய்த பாகத்தைவிட மாமா செய்த பாகம் அதிகம். வந்ததும் மிஷினைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “இம்புட்டுத்தானா? ஜீப்பு ஆக்சிலையே நான் ஒத்தையா மாட்டுறேன்க்கா” என்றார்.

முதலில் சைக்கிள் டியூபைக் கிழித்து ஒரு ஸ்பேனரை மேசைக்காலோடு சேர்த்துக் கட்டினார். நட்டை முறுக்க முறுக்க டியூப் இழுபட்டது. இழுபட்டு, சடாரென்று ஸ்பேனர் விடுபட்டுப் பறந்துபோய் வார்னிஷ் டப்பாவைச் சாய்த்தது. நான் அதற்கு முன்பே வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன்.

“மாப்ள, சோலியைச் சுளுவாக்கச் சொன்னா கவட்டைவில் செஞ்சு வச்சிருக்கியே” என்றார் அப்பா. பல நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தார்.

“முதல் தடவை ஜீப்பே மலை ஏறாதுங்க மச்சான்” என்றார் மாமா.

இரண்டாவது வேலையில் அவர் அவசரப்படவில்லை. மிஷின் பக்கவாட்டில் படுக்கிற மாதிரி ஒரு கட்டையைக் குடைந்து தொட்டில் செய்தார். அதை மேசையோடு திருகாணி போட்டு இறுக்கினார். தொட்டிலுக்கு இந்தப் பக்கம் ஒரு முளை, அந்தப் பக்கம் ஒரு முளை அடித்தார். தண்டில் மாட்டிய ஸ்பேனர் முறுக்கும்போது ஒரு முளையில் முட்டி நிற்கும். கழற்றும்போது எதிர்முளையில் முட்டி நிற்கும். பிடிக்க ஆள் வேண்டாம். பிட்டு அடிவரை இறங்கிச் சிக்கிக்கொள்ளாமல் இருக்க, மருந்து பாட்டில் கார்க்கில் ஒரு வில்லை அறுத்து ஓட்டைக்குள் போட்டார். “இனிமே சந்தனம் வச்சா மேலுக்கு வையிக்கா” என்றார். அம்மா அவர் முதுகில் ஒன்று வைத்தாள்.

“மச்சான், ஒரு கையை முதுகுக்குப் பின்னால வச்சுக்கங்க. மறு கையால மாட்டுங்க பார்ப்போம்.”

அப்பா மாட்டினார், கழற்றினார், வேறொன்றை மாட்டினார். வெரசாக, கச்சிதமாக. மாமாவே இரண்டு கையால் பிட்டைப் பிடித்து இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. அம்மா அந்த நிமிஷமே என் பாவாடை சட்டையைத் துவைக்கப் போனாள். பனியில் அது காயுமா காயாதா என்று நான் எழுந்து எழுந்து தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலையில் ஈரம் முழுக்கப் போகாத பாவாடையோடு, பையை மாட்டிக்கொண்டு சாலைக்கு வந்தேன். கால் நகரவில்லை. மிஷின் சத்தம் கேட்கட்டும், அப்புறம் போகலாம் என்று நின்றேன். கேட்கவில்லை. பள்ளிக்கூட மணி அடித்தது. அதற்குப் பிறகும் கேட்கவில்லை.

“தாயி, இங்கிட்டு வந்துட்டுப் போ” என்றார் அப்பா, உள்ளேயிருந்து.

போனேன். பிட்டு மாட்டியாகியிருந்தது. ஸ்பேனர் இரண்டும் ஆணியில் தொங்கின. எதைப் பிடிக்க என்று கேட்டேன்.

“ஒண்ணும் புடிக்க வேணாம். அந்தா வாசப்படிக்கிட்ட நில்லு. போயிராதே.”

நான் போய் நின்ற பிறகுதான் மிஷின் ஓடியது. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். அம்மா கத்தினாள், அழுதாள், சோறாக்காமல் கிடந்தாள். மாமா ஜீப்பைப் போட்டுக்கொண்டு வந்து, “நான் செஞ்சதுல என்ன கொறை, சொல்லுங்க மச்சான்” என்று கேட்டார்.

“கொறை ஒண்ணுமில்லே மாப்ள. நல்லாத்தான் இருக்கு.”

“அப்புறம் பிள்ளையை எதுக்கு நிப்பாட்டுறீங்க?”

அப்பா இழைப்புளியைத் தட்டித் தூளை உதிர்த்தார். மாமா கோபித்துக்கொண்டு காப்பிகூடக் குடிக்காமல் போய்விட்டார். அந்த மாசத்தோடு என் பேரும் போனது.

என்னோடு படித்தவர்கள் ஆறாம் வகுப்புக்குப் போன அன்றைக்கும் வாசற்படியில்தான் நின்றேன். மாமா செய்ததில் எங்கேயோ பழுது இருக்கிறது, அதனால்தான் அப்பா என்னை விடமாட்டேன் என்கிறார் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. மேசைக்குப் போய் இந்த முளையை ஆட்டினேன், அந்த முளையை ஆட்டினேன், தொட்டிலை இரண்டு கையாலும் உலுக்கினேன். கல்லில் நட்ட மாதிரி இருந்தன. அப்பா கதவில் பிட்டு குத்திய வடுவைப் பார்த்தபடி, சுவிட்சின்மேல் விரலை வைத்துக்கொண்டு, நான் வாசலுக்குத் திரும்பட்டும் என்று காத்திருந்தார். விரல் நடுங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு குளிரில் வெறும் சட்டையோடு நிற்கிறாரே என்று நினைத்துக்கொண்டு, நான் வீட்டுக்குள் ஓடிப்போய் அவருடைய கம்பளியை எடுத்துவந்து கொடுத்தேன்.