சொல் வந்து சேரும்வரை

கோச்சடையில் வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில் என் வீட்டுக்காரர் அதிகம் பேசமாட்டார். கூச்சம் என்று நினைத்தேன். திக்குவாய் என்பது பிறகுதான் தெரிந்தது. உதடு துடிக்கும், கழுத்து நரம்பு புடைக்கும், கண் தானாக மூடிக்கொள்ளும்; சொல் மட்டும் வராது. அதற்குள் யாராவது முந்திக்கொண்டு, “என்ன, மம்பட்டியா? கயிறா?” என்று எடுத்துக் கொடுப்பார்கள். அவர் கேட்க வந்தது வேறாக இருந்தாலும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

ஒரு மார்கழிக் காலையில் தோட்டத்துக்குக் கஞ்சி கொண்டுபோனேன். வைகைப் பக்கமிருந்து வந்த பனி தென்னைகளின் இடுப்புவரை நின்றது. மாடு எது, மேடு எது என்று தெரியவில்லை. மாடுகள் இழுக்கும் கிணற்றுக் கமலை உருளையின் முனகலும், சால் கவிழ்ந்து தண்ணீர் கொட்டும் ஓசையும் மட்டும் கேட்டன. அவற்றோடு ஒரு குரல் பாடியது. பாட்டு நின்றதும் மாடுகளிடம் பேசியது. எங்கும் தடைபடாமல், தண்ணீரைப் போலவே ஓடிய குரல். யாரோ கூலிக்கு வந்த ஆள் என்று நினைத்துக்கொண்டே நெருங்கினேன். அவர்தான். என்னைக் கண்டதும் குரல் நின்றது.

“சின்னதுல ஆத்து வெள்ளத்தப் பாத்துப் பயந்துட்டான், அம்புட்டுத்தேன்” என்பார் மதினி. என் வீட்டுக்காரரின் அக்கா, தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். பேச்சு திருந்தட்டும் என்று வசம்பைச் சுட்டுத் தம்பியின் நாக்கில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தவரும் மதினிதான்.

எங்கள் மகளுக்குப் பேச்சு நன்றாக வந்து, கதை கதையாய்ச் சொல்லத் தொடங்கிய வயதில், ஒரு நாள் “மா... மா... மாடு” என்றாள். மறுநாளும் அப்படியே. அன்றிலிருந்து அவள் அப்பா வீட்டுக்குள் வாயே திறக்கவில்லை. குழந்தை மடியில் ஏறினால் தலையைத் தடவுவார், எழுந்து போய்விடுவார். ஒரு பருவம் முழுக்க வீடு தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் இருந்தது.

கிணற்றடியில் கேட்டேன். “எதுக்கு இப்பிடி ஊமையா இருக்கீக?”

“எ... என்னயப் பாத்துத்தேன் ப... பழகிருச்சு.”

“ஒங்க பெரியப்பாவுக்கும் திக்குமாமுல்ல. அவரப் பாத்தா நீங்க பழகுனீக? அவரு பர்மாவுலருந்து வந்தப்ப ஒங்களுக்கு மீசை மொளச்சிருச்சுன்னு மதினி சொன்னாக.”

அவர் வாளியைக் கிணற்றுக்குள் இறக்கினார். பிள்ளைக்குக் காதுமடல் யாரைப்போல, நெற்றி யாரைப்போல என்று பார்க்கிறோமே, அதுபோல இதுவும் ரத்தத்தில் வந்திருக்கும் என்றுதான் எனக்குப் பட்டது. பயத்தால் வந்ததென்றால், அந்த வெள்ளத்தைப் பார்த்த ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேருமல்லவா திக்கியிருக்க வேண்டும்?

அடுத்த வெள்ளிக்கிழமை மதினி சுட்ட வசம்போடு வந்து குழந்தையின் தாடையைப் பிடித்தார். அது அலறியது. என் வீட்டுக்காரர் ஓடிவந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அ... அக்கா. அவ நா... நாக்குல ஒண்ணும் இல்ல. எனக்குத் தே... தேச்சப்ப எனக்குத் திக்கு போகல. பே... பேச்சுத்தேன் போச்சு. அவ எ... எப்பிடி வேணாலும் பே... பேசட்டும். நாம கே... கேப்போம்.”

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அவர் அவ்வளவு நீளமாகப் பேசி அந்த வீடு கேட்டதே இல்லை. யாரும் ஒரு சொல்கூட எடுத்துக் கொடுக்கவும் இல்லை.

மதினி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். “நல்லதுன்னு நெனச்சுத்தேண்டா செஞ்சேன்.”

“தெ... தெரியும்க்கா.”

அதன்பின் வீட்டில் பேச்சுக்கே வேறு நடை வந்தது. குழந்தை திணறினால், ‘மெதுவாச் சொல்லு’ என்று யாரும் சொல்வதில்லை. முகத்தைப் பார்த்தபடி, சொல் வந்து சேரும்வரை காத்திருப்போம். சில நாள் மழைக்காற்றுபோல் தங்குதடையின்றி வரும். சில நாள் ஒவ்வொரு சொல்லும் முள்ளில் சிக்கிய சேலை. வளர வளர அவளுக்கு அது பெரும்பாலும் விட்டுப்போனது. அவருக்கு விடவில்லை. ஆனாலும் பரவைச் சந்தையில் தன் காய்க்குத் தானே விலை சொன்னார். சிரித்தவர்கள் சிரித்தார்கள். அவர் சொல்லி முடிக்காமல் நகரவில்லை.

மகள் இன்னும் சிறுபிள்ளையாய் இருந்த நாட்களில் ஒரு விடியல். ஆற்று மணலில் நடந்த அவர் தோளில் உட்கார்ந்து, தான் கண்ட கனவை மகள் சொல்லிக்கொண்டிருந்தாள். வானத்தில் ஒரு வெள்ளைக் கன்றுக்குட்டி, அதன் பின்னால் இவள். திக்கித் திக்கி அவள் சொல்லிக்கொண்டே வர, இருவரும் இக்கரையிலிருந்து அக்கரை போய்ச் சேர்ந்தும் கனவு முடியவில்லை. அவர் ஈர மணலில் உட்கார்ந்து, “பெ... பெறகு?” என்றார்.