முந்நூறு யூனிட்

செல்லத்தாயை வரிசையில் நிற்க வைத்துத் திருடி என்று சொன்னவன் நான்தான். 2003-இல் பேரையூர்ப் பக்கம் ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் வேலை எனக்கு. வாய் நீளம், யாராயிருந்தாலும் வெடுக்கென்று பேசிவிடுவேன்.

அவள் பருத்திக்காட்டில் கூலி வேலை பார்த்தவள். இருபத்திரண்டு வயது, ஈர்க்குச்சி உடம்பு, கழுத்தைச் சுற்றி மட்டும் கன்னங்கரேல் என்றிருக்கும். "குளிக்கிறதே இல்லையாத்தா?" என்று அதற்கும் ஒருநாள் நக்கலடித்தேன். மதுரை டாக்டர் எழுதிய சீட்டோடு பதினைந்து நாளுக்கு ஒரு தடவை வருவாள். ஒரு நாளைக்கு முந்நூறு யூனிட் இன்சுலின்! மற்ற சர்க்கரை நோயாளிகளுக்கு நாற்பதே அதிகம். அந்த மாதம் மருந்துத் தட்டுப்பாடு வேறு.

"இம்புட்டையும் நீயா போட்டுக்கிறே? எந்தக் கடையில விக்கிறே, சொல்லு!"

வரிசையே திரும்பிப் பார்த்தது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"சத்தியமா விக்கலண்ணே. ஒங்க முன்னாலேயே குத்திக் காட்டுறேன்" என்று சேலையை விலக்கி வயிற்றைக் காட்டினாள். ஊசி குத்திக் குத்தித் தடித்துக் கிடந்தது. அதைப் பார்த்தும் எனக்கு மனம் இளகவில்லை. நாற்பது யூனிட் கணக்குக்குத்தான் புட்டி கொடுத்து அனுப்பினேன். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, பாவி.

ஒன்பதாம் நாள் மூச்சிரைத்து, நினைவு தப்பி, அவளை மதுரைக்குத் தூக்கிப் போனார்கள். இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. அந்த டாக்டர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஒவ்வொரு செல் மேலயும் இன்சுலின் வந்து ஒட்டுறதுக்கு ஒரு ஏற்பி இருக்கு, சோணைமுத்து. ஒட்டுனதும் அந்த ஏற்பியே என்சைமா வேலை செஞ்சு, சர்க்கரையை உள்ள எடுன்னு சேதி சொல்லணும். அவளுக்கு அது பிறவியிலேயே பழுது. வெள்ளமாக் கொட்டுனாத்தான் கொஞ்சமாச்சும் உறைக்கும். கழுத்துக் கறுப்பும் அதனாலதான். எனக்கு ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமேய்யா?"

அநியாயமாக ஒரு உயிரைக் கொன்றுபோட்டேனே!

காரியம் முடிந்த மறுவாரம் அவளுடைய தாய் மலையம்மாள் மருந்து வரிசையில் நின்றாள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறாள், செருப்பால் அடித்தாலும் வாங்கிக்கொள்வோம் என்று நின்றேன். அவள் ஏசவில்லை. பின்னால் நின்ற இளைய மகள் சுபலட்சுமியை முன்னால் இழுத்துவிட்டு ஒரு சீட்டை நீட்டினாள். அதே டாக்டரின் கையெழுத்து.

"இவளுக்கும் அதே நோயாம்யா. இவளையாச்சும் நம்புங்க."