ஒரு ‘ஓம்’ செய்த வேலை

பத்திநாதர் முப்பது வருடமாக மொன்றியலில் ‘ஓம்’ சொல்லியே காலம் தள்ளியவர். யாழ்ப்பாணத்தாருக்கு ‘ஆமாம்’ என்றால் ‘ஓம்’தான். மேலாளர் கூப்பிட்டால் ஓம், மனைவி றோசா கூப்பிட்டால் ஓம், பிரெஞ்சில் யாராவது ஏதாவது கேட்டு விளங்காவிட்டால் இரண்டு ஓம். அந்த ஒரு சொல்லே ஒருநாள் அவரை நட்டாற்றில் விடும் என்று யார் கண்டது?

நகரின் வடக்கே ஒரு கல்லூரியில், ஃபுட்போல் அணியின் உடுப்புத் தோய்க்கும் அறை அவருடைய ராச்சியம். அந்த விளையாட்டை மட்டும் அவர் இன்னும் மன்னிக்கவில்லை. யாழ்ப்பாணத்துக் குருநகரில் பிறந்து, பந்தைக் காலால் உதைத்து வளர்ந்த மனிதர். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவதற்கு ஃபுட்போல் என்று பெயர் வைத்தது அவர் கணக்கில் சுத்த அநியாயம். பந்தாவது உருண்டையாக இருக்கிறதா? அதுவுமில்லை, பனங்கொட்டை மாதிரி.

ஆனாலும் அந்த அணி அவருக்கு வேண்டியிருந்தது. முன்பு பதினாறு வருடம் டோர்வல் விமான நிலையத்தில் இரவு வேலை, விமானம் துடைப்பு. அவர் வர றோசா வேலைக்குப் போவாள். அந்தக் காலமெல்லாம் இருவரும் ஃபிரிட்ஜில் ஒட்டிய கடதாசித் துண்டுகளில்தான் குடும்பம் நடத்தினார்கள். ‘கறி மேல்தட்டில. சூடாக்கிச் சாப்பிடுங்கோ.’ இப்போதுதான் பின்னேரம் ஆறு மணிக்கு ஒரே மேசையில் இருந்து சண்டை பிடிக்கிறார்கள். அந்தச் சண்டை பத்திநாதருக்குத் தேவாமிர்தம்.

அணியோ தொடர்ந்து பதினொரு ஆட்டம் தோற்று, தலைமைப் பயிற்சியாளரும் கழன்றுவிட்டார். புதியவர் வந்தும் சரிவராவிட்டால் அடுத்த வருடம் அணியையே மூடுவதென்று நிர்வாகம் அறிவித்தது. அணி இல்லையென்றால் தோய்ப்பறை எதற்கு? திரும்பவும் இரவு வேலைதான். தெரிவுக் குழுவில் ஊழியர் ஒருவரும் இருக்கவேண்டும் என்பது விதி. கூட்டம் என்றதும் மற்றவர்கள் எல்லாம் மாயமாகிவிட, கேட்டபோது ஓம் சொன்னவர் இவர்தான்.

கடைசியில் பயிற்சியாளர் பதவிக்கு இரண்டு பேர் மிஞ்சினார்கள். தெரியோ, பல கிண்ணங்கள் வென்ற மனிதர். கல்லூரி பார்க்க வந்த அன்று தன் மேலங்கியைக் கழற்றிப் பத்திநாதரின் கையில் கொடுத்து மாட்டச் சொன்னார். மற்றவர் கான்யோன் என்ற பெண். அவர் நேரே தோய்ப்பறைக்குள் வந்து, குவிந்து கிடந்த சட்டைகளைப் பார்த்து, “இதில் அழுக்கே படாமல் வருவது எது?” என்று கேட்டார்.

பத்திநாதர் அசந்துபோனார். அது அவருக்கு மட்டும் தெரிந்த விஷயம். அரைகுறைப் பிரெஞ்சிலும் கைச்சாடையிலும் கொட்டித் தீர்த்தார். ஐம்பத்தேழாம் இலக்கச் சட்டையில் இரண்டு வருடமாக ஒரு பொட்டு ஊத்தை இல்லை. அந்தப் பெடியனை இறக்குவதே கிடையாது. மற்றவர்களின் சட்டையில் சேறு முழுக்க முதுகில். தள்ளத் தள்ள மல்லாக்க விழுகிறார்கள் என்றுதானே அர்த்தம்! கான்யோன் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதிக்கொண்டு போனார்.

“இந்த மனுசி வந்தால் அணி தப்பும்,” என்று பின்னேரம் றோசாவிடம் சொன்னார்.

“அப்ப அதைக் கூட்டத்தில வாயைத் திறந்து சொல்லுங்கோ. ஓம் ஓம் எண்டு தலையாட்டிப்போட்டு வராதேங்கோ.”

“ஓம்,” என்றார் பத்திநாதர்.

குழுவில் ஐந்து பேர். இரண்டு பேர் தெரியோவுக்கு, இரண்டு பேர் கான்யோனுக்கு. எல்லாக் கண்களும் பத்திநாதர் மேல் திரும்பின.

“மிஸ்யூ பத்தி, ஆணா பெண்ணா, உங்கள் வாக்குத்தான் மிச்சம். சொல்லத் தயாரா?” என்று தலைவர் கேட்டார்.

“ஓம்.”

தலைவர் தாளில் குறித்துக்கொண்டார். “மூன்றுக்கு இரண்டு. மிஸ்யூ தெரியோ!”

பத்திநாதர் திருதிருவென்று முழித்தார். பிறகுதான் உறைத்தது. பிரெஞ்சில் ‘ஓம்’ என்றால் ஆண். ஆமாம் என்பதற்கு அவர்கள் சொல்வது ‘வுய்’. முப்பது வருடத்தில் அவருடைய பிரெஞ்சு ஒருவருக்கு முதல் தடவையிலேயே விளங்கியது அன்றைக்குத்தான்.

தலைவர் கோப்பை மூடினார். பத்திநாதரின் கண்முன் ஃபிரிட்ஜும் அதில் ஒட்டிய துண்டும் வந்து நின்றன. கதிரை சரிய எழும்பினார்.

“நோ! நோ!”

“ஆண் இல்லையா?”

“ஓம்!”

“அப்போ ஆண்தானே?”

“ஐயோ! எங்கள் பாஷையில் ஓம் என்றால் வுய்!”

“சரி, ஆணுக்கு வுய். அதைத்தானே எழுதியிருக்கிறேன்,” என்றார் தலைவர் பொறுமையாக.

இனி வாயை நம்பிப் பயனில்லை. தோய்ப்பறைக்கு ஓடி, ஐம்பத்தேழாம் சட்டையைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார்.

“இரண்டு வருடம். சுத்தம். ஏன் என்று கேட்டது ஒரு ஆள். மடாம் கான்யோன். என் வாக்கு மடாம் கான்யோன்.”

வாழ்நாளில் பிரெஞ்சில் அவர் ஆற்றிய ஒரே சொற்பொழிவு அதுதான். தலைவர் சட்டையைத் தடவிப் பார்த்தார், பிறகு தாளில் எழுதியதை வெட்டினார்.

கான்யோன் வந்த முதல் ஆட்டத்திலும் அணி தோற்றது. ஆனால் மூட்டையில் வந்த ஐம்பத்தேழாம் சட்டையின் நெஞ்சுப் பக்கம் முழுக்கச் சேறு. பத்திநாதர் அதை இயந்திரத்தில் போட மனமில்லாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார். பிறகு நான்கு ஆட்டம் வென்றார்கள். அணியை மூடுவதில்லை என்று கடிதம் வந்தது.

கடிதத்தை றோசா இரண்டு தரம் வாசித்தாள். மீன்குழம்பை அவர் பக்கம் தள்ளினாள்.

“அப்ப அடுத்த வருசமும் ஆறு மணிக்கு வந்திருந்து என்னோட சண்டை பிடிக்கப்போறீங்கள்?”

“வுய்,” என்றார் பத்திநாதர்.