ஒல்லிக் கப்டனை அழிக்கச் சொன்ன நாள்

1. கலகம்

காலையில் நான் கடையைத் திறக்கும்போதே பாலா அண்ணை வாசலில் நின்றார். கையில் முதல் நாள் எடுத்துப்போன கசெட். முகம் செத்த வீட்டுக்குப் போய் வந்தவர் மாதிரி இருந்தது.

"தங்கச்சி, மீசைக் கப்டன் எங்க?"

யுத்த காலத்தில் திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட ஒரு வீடியோக் கடையில் நான் கவுண்டரில் நின்றேன். பாலா அண்ணை துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். எங்கள் கடையில் இருந்த ஆங்கில விண்கப்பல் தொடருக்கு அவர்தான் தலைமை ரசிகர். வெளிநாட்டில் யாரோ டிவியில் பதிந்து கொழும்புக்கு அனுப்ப, அங்கே பிரதி எடுத்து பஸ்ஸில் எங்களுக்குப் போடுவார்கள். பிரதியின் பிரதி என்பதால் டெக்கின் ட்ராக்கிங் குமிழை எவ்வளவு திருகினாலும் படத்தின் அடியில் ஒரு கோடு ஓடிக்கொண்டே இருக்கும். அப்படியிருந்தும் துறைமுகத்து ஆட்கள் அந்தக் கப்பலின் கப்டனைத் தங்கள் மேலதிகாரியை விடப் பெரிதாக மதித்தார்கள். பெரிய மீசைக்காரர். பெயர் வாயில் நுழையாததால் மீசைக் கப்டன் ஆனார்.

இப்போது வந்தது புதுத் தொடர். அதே விண்வெளி, வேறு கப்பல், வேறு கப்டன். ஒல்லியான ஆள், மீசை கிடையாது. சுடுவதற்கு முதல் எதிரியைக் கூப்பிட்டுக் கதைப்பார்.

"இவன் கப்டனோ, கந்தோர் கிளாக்கரோ? எதிரி அடிக்க வாறான், இவன் கதிரையில சாய்ஞ்சு கதை கேட்டுக்கொண்டு இருக்கிறான்."

"பிடிக்காட்டி பாக்காம விடுங்கோ அண்ணை."

"அதெப்பிடி விடுறது? எங்கட படமெல்லோ."

ஒல்லியன் இருக்கும் மட்டும் இந்தக் கடைப் படி மிதிக்க மாட்டோம் என்று அவரும் கூட்டாளிகளும் சொன்னார்கள். அதைச் சொல்வதற்காகவே தினமும் படி மிதித்தார்கள். எனக்குக் காது புளித்துப்போயிற்று. ஒரு மாதம் கழித்து இரண்டாவது கசெட் வந்தபோது ஒருவரும் அதைத் தொடவில்லை. முதலாளிக்குப் பயம் பிடித்துவிட்டது.

"ரெண்டையும் அழிச்சுப்போட்டு கலியாண வீட்டை ஏத்து பிள்ளை" என்றார்.

வெறுங் கசெட்டுக்குத் தட்டுப்பாடான காலம் அது. ஓடாத படத்தை அழித்து அதன்மேல் கலியாண வீடியோ ஏற்றுவது எங்கள் தொழிலில் வழக்கம். கசெட்டின் ஓரத்தில் ஒரு சிறு தகட்டை உடைத்துவிட்டால் அதில் யாரும் மேலே பதிய முடியாது. அந்தத் துவாரத்தில் செலோடேப் ஒட்டினால் மறுபடி பதியலாம். எத்தனையோ நடிகைகளின் கடைசி அழுகையின் மேல் நான் தாலி கட்ட வைத்திருக்கிறேன்.

2. கிளினிக் ஆள்

அன்று மத்தியானம் இரண்டாவது கசெட்டுக்குச் செலோடேப் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒல்லியன் அழிவதைக் கண்ணால் பார்க்கவென்று பாலா அண்ணையும் வந்து நின்றார். அப்போதுதான் தங்கராசா உள்ளே வந்தார்.

ஈச்சிலம்பற்றில் வயல் செய்பவர். மாதம் ஒரு தடவை ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு வருவார். மூதூருக்கு வந்து, ஆமிச் சென்றிகளில் சோதனைக்கு இறங்கி ஏறி, லோஞ்சில் கடல் கடந்து வரவேண்டும். மருந்து எடுத்துக்கொண்டு திரும்பும் லோஞ்ச் வரைக்கும் எங்கள் கடையில் இருப்பார். கவுண்டர் டிவியில் நான் கசெட்டுகளைப் போட்டுச் சோதிக்கும்போது பார்ப்பார். என்ன கதைக்கிறார்கள் என்று கேட்பார், சொல்லுவேன். ஃபான் காற்றுக்காக வருகிறார் என்றே நினைத்திருந்தேன்.

"பிள்ளை, ஒல்லிக் கப்டன்ட அடுத்தது வந்திட்டுதோ?"

"வந்தது. அழிக்கப் போறம். ஒருத்தருக்கும் பிடிக்கேல்ல."

"ஓம், எங்கட ஆக்களுக்கும் பிடிக்கேல்லத்தான்."

பாலா அண்ணை திரும்பினார். "எந்த ஆக்கள்? உங்கட பக்கம் கறண்டே இல்லையே."

"கறண்டும் இல்ல, பற்றரி கொண்டுபோகவும் சென்றியில விடமாட்டினம். நான் போய்ச் சொல்லுறனான். பின்னேரத்தில எல்லாரும் வந்து இருப்பினம். ஷெல் அடிச்சா பங்கருக்குள்ள இருந்து சொல்லுவன். போன மாதம் கப்டன் மாறின கதையைச் சொன்னன், பெரிய சண்டை. பக்கத்து வீட்டு மனிசி என்னோட இன்னும் கதைக்கிறேல்ல. மீசைக் கப்டனை நான்தான் மாத்திப்போட்டனாம்."

எனக்கு மெய் சிலிர்த்துவிட்டது. படத்தில் ஒரு துண்டுகூடப் பார்க்காத ஒரு ஊர், புதுக் கப்டன் வேண்டாம் என்று சண்டை பிடித்துக்கொண்டிருக்கிறது. அவர்களுடைய மீசைக் கப்டன் எங்களுடையவரை விடத் தெளிவாக இருந்திருப்பார். அவருக்குக் கீழே கோடு ஓடியிராது.

"பிடிக்கேல்லயெண்டா ஏன் கேக்கிறியள்?" என்றார் பாலா அண்ணை. ஆனால் குரல் இறங்கியிருந்தது.

"கப்பலின்ர கீழ்த்தட்டில சனம் அடைபட்டு நிக்குது. காத்தும் குறையுது. முதல் கசெட் அந்த இடத்தில முடிஞ்சது. வெளியில வந்தவையோ இல்லையோ எண்டு சொல்லாம நான் ஊருக்குப் போகேலாது."

பாலா அண்ணை ஒரு கதிரையை இழுத்து டிவிக்கு முன்னால் போட்டார்.

"இருங்கோ. தங்கச்சி, அதைப் போடு."

அன்றைக்கு ஒல்லிக் கப்டனுக்குத் தமிழ் கொடுத்தவர் பாலா அண்ணைதான். ஒரு மாதமாக அந்த ஆளை ஏசிய வாய், அவனுடைய ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி, மரியாதையோடு, மேடையில் பேசுவதுபோலச் சொன்னது. தங்கராசா உதடு அசைத்து மனப்பாடம் செய்துகொண்டே இருந்தார். கீழ்த்தட்டுக் கதவருகே ஒல்லியன் வந்து நின்ற இடத்தில் கறண்ட் போய்விட்டது.

காத்திருந்தோம். வரவில்லை. லோஞ்சுக்கு நேரமாகிவிட்டது. தங்கராசா மருந்துப் பையோடு எழுந்தார். வெறுங்கையோடு போகிறவர் மாதிரி நின்றார்.

"போய்ச் சொல்லுங்கோ," என்றார் பாலா அண்ணை. "எல்லாரும் வெளியில வந்திட்டினம்."

"முடிவு நீங்களும் பாக்கேல்லயே."

"பாக்கத் தேவையில்ல. ஒல்லியன் விடமாட்டான்."

3. செலோடேப்

லோஞ்ச் போய் வெகுநேரம் கழித்துத்தான் கறண்ட் வந்தது. பாலா அண்ணை வீட்டுக்குப் போகாமல் அங்கேயே நின்றார். மீதியைப் போட்டேன். கதவு திறந்தது. சனம் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். எல்லாரும் வந்தார்கள். பாலா அண்ணை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எண்டாலும் எனக்கு அவனைப் பிடிக்கேல்ல" என்றார். நான் இரண்டு கசெட்டிலும் ஒட்டியிருந்த செலோடேப்பைப் பிய்த்தேன். முதலாளியிடம் பிறகு சொன்னேன்.

இப்போது வீடியோக் கடை இல்லை. ஆனால் ஏதோ ஒரு கவுண்டரில் நிற்கிற பிள்ளைகளுக்கு நான் படித்ததைச் சொல்கிறேன். ஏசுகிற வாடிக்கையாளருக்குப் பயப்படாதீர்கள். அவர் இன்னும் கதையை விட்டுப் போகவில்லை. அவருடைய ஏச்சைக் கேட்டு எதையும் அழித்துவிடாதீர்கள்.

சண்டையில் பாதையைப் பூட்டியதால் அடுத்த இரண்டு கிளினிக்குக்கும் தங்கராசா வரவில்லை. பாலா அண்ணை வேலை முடிந்து வந்து, ஒன்றும் கேட்காமல், வாசலைப் பார்த்துவிட்டுப் போவார். மூன்றாம் மாதம் மெலிந்துபோய் வந்து சேர்ந்த தங்கராசா, கதிரையில் இருக்க முதலே ஊரின் தீர்ப்பைச் சொன்னார்.

"ஒல்லியன் இருக்கட்டாம். மீசையை மட்டும் வளக்கட்டாம்."