உங்கள் துணியோடு வாருங்கள்

செய்தி வந்தபோது மாலை நான்கு மணி இருபது. அக்காதான் அழைத்தாள். "அத்தான் போயிட்டாருடி" என்றாள். வேலைக்குப் போன கட்டடத்தில் மாடிப்படித் திருப்பத்தில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்று கூட வேலை செய்தவர் பிறகு சொன்னார்.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். பழுது பார்த்து முடித்ததும் தான் மட்டும் ஏறி, உச்சி மாடிவரை போய் இறங்கி வந்த பிறகுதான் மற்றவர்களை ஏற விடுவார். வீட்டிலும் அதே கதைதான். புதுச் செருப்பு வாங்கினால் முதலில் கூடத்துக்குள் நடந்து பார்ப்பார். அது தேறினால்தான் தெருவுக்குப் போகும்.

இந்த வருடம் அவர் மண்டையைக் குடைந்தது வீட்டு வாஷிங் மெஷின். துவைக்கும், பிழியாது. அந்த மாடலுக்கு உதிரிபாகம் வருவதில்லை. அக்காவுக்கோ மணிக்கட்டில் வலி. எதையும் முறுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் வேலைக்குக் கிளம்பும் முன் அத்தானே எல்லாத் துணியையும் பிழிந்து கொடியில் போடுவார். அவர் பிழிகிற பிழியில் சட்டைப் பொத்தான்கள் தெறிக்கும்.

"புதுசு ஒண்ணு வாங்கினா என் கையும் பொழைக்கும், உங்க பொத்தானும் பொழைக்கும்" என்பாள் அக்கா.

"பழைய லிஃப்டைக் கழட்டாம புதுசை எந்தக் குழியில இறக்குவே? இது போகட்டும், மறுநாளே வாங்கிடறேன்."

இடத்தைப் பார்த்தால் அவர் சொன்னதும் சரிதான். குளியலறைக் கதவுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு மெஷின்தான் நிற்கும். ஆனால் அதைத் தள்ளிவிடுகிற சாமர்த்தியம் அவரிடம் இல்லை. விற்பனைக்கு என்று போனில் படம் போட்டவர், அதன் கீழே எழுதியது இது: 'துவைக்கும், பிழியாது. என் பேச்சை நம்ப வேண்டாம். உங்கள் அழுக்குத் துணியைக் கொண்டுவந்து போட்டுப் பாருங்கள்.'

கொண்டுவந்தார்கள். முதலில் வந்தவர் ஒரு பேக்கரிக்காரர். மாவு படிந்த வேலை உடுப்புகள் ஒரு மூட்டை. துவைத்து முடியும்வரை அத்தானோடு அரட்டை, அக்கா கையால் டீ. பிழிய வேண்டிய கட்டம் வந்ததும் அத்தானே குனிந்து பிழிந்தும் கொடுத்தார். யோசித்துச் சொல்வதாகப் போன மனிதர், அடுத்த வாரம் இன்னொரு மூட்டையோடு வாசலில் நின்றார்.

"அன்னிக்கு வெள்ளைத் துணிதானே பாத்தேன் சார். கலர் துணிக்கு எப்படின்னு தெரியணுமில்ல?"

"நியாயம்தான்" என்று அத்தான் மூடியைத் திறந்துவிட்டார்.

அவர் மூன்றாவதாகக் கம்பளியைத் தூக்கிக்கொண்டு வந்த அன்று அக்கா எனக்கு போன் போட்டாள். "விக்கப் போட்டாரா, சலவைக் கடை போட்டாரான்னு நீயே வந்து கேளுடி."

போய்க் கேட்டேன். "அந்த ஆளு உங்களை நல்லா ஏமாத்துறாரு அத்தான்."

அவர் குரலைத் தணித்துக்கொண்டார். "தெரியும்மா. அவர் ரூம்ல தண்ணி சரியா வரலையாம். சும்மா துவைச்சுக்கறேன்னு கேக்கக் கூச்சம். அவர் வாங்குற மாதிரி வர்றாரு, நானும் விக்கிற மாதிரி இருக்கேன்."

"நானும் எனக்கு வேற வேலை இல்லாத மாதிரி டீ போட்டுக்கிட்டு இருக்கேன்" என்று அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

கடைசியில் உண்மையாகவே வாங்க ஒரு நர்ஸ் வந்தார். தனியாக இருப்பவர். ஒரு தடவை துவைத்துப் பார்த்ததும் எடுத்துக்கொள்கிறேன் என்றார்.

"பிழியாதும்மா" என்றார் அத்தான்.

"அதான் எழுதியே போட்டிருந்தீங்களே. என் பால்கனியில நல்ல வெயில். சொட்டச் சொட்டப் போட்டாலும் காஞ்சிரும்."

"சத்தமும் கொஞ்சம் ஜாஸ்தி. எதுக்கும் யோசிச்சு..."

அக்கா அவர் காலை மிதித்தாள். ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வருகிறேன் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலையே மூவருமாகக் கடைக்குப் போனோம். அக்கா ஒன்றைப் பார்த்ததுமே பிடித்துப்போய் அதன் மூடியில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அத்தான் கடைக்காரரைத் தனியே கூப்பிட்டு, வீட்டுத் துணி கொஞ்சம் கொண்டுவந்து போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"சார், இது கடை சார்."

"நான் இவர் கூட வரலை" என்று அக்கா என் பக்கம் நகர்ந்து நின்றாள். வீடு திரும்பும்வரை சிரித்துக்கொண்டே வந்தோம். பழசு ஞாயிற்றுக்கிழமை போனதும் திங்களன்று புதியதை அனுப்பச் சொல்வதாக ஏற்பாடு.

அவர் போனது வெள்ளிக்கிழமை.

துக்கம் கேட்க வந்தவர்களில் பேக்கரிக்காரரும் இருந்தார். மூட்டை இல்லாத கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாதவர் போல நின்றார். நர்ஸும் வந்தார். "மெஷின் இப்ப வேணாம்க்கா, மெதுவாப் பாத்துக்கலாம்" என்றார்.

வெள்ளிக்கிழமை காலை அத்தான் மற்றத் துணிகளையெல்லாம் பிழிந்து போட்டுவிட்டார். மெத்தை விரிப்பு கனமானது; அதன் ஒரு முனையைக் குழாயில் கட்டிவிட்டு மறுமுனையை முறுக்கித்தான் அவர் பிழிவது வழக்கம். அன்று நேரமாகிவிட்டதால், "சாயந்தரம் வந்து பிழிஞ்சுக்கறேன், நீ கையை வைக்காதே" என்று அக்காவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கிறார். அது இன்னும் மெஷினுக்குள் தண்ணீரில்தான் கிடக்கிறது.